பெயரனும் பெயரும்

2025-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஞாயிறொன்றில், இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், ஓர் ஆண் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தோம். சடங்கின் தொடக்கத்தில் பெற்றோரிடம் குழந்தையின் பெயரைக் கேட்பது முறை. இளந்தந்தை தெளிவாகச் சொன்னார்: 'லியோ.' நாம் மகிழ்ந்து போனோம். அவ்வாண்டு மே மாதம் 8-ஆம் நாள் பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை நினைவூட்டி, அப்பெயரின் பெருமை குறித்து நான்கு சொற்கள் பேசவும் செய்தோம். தந்தை சற்றே நாணினார். இது திருத்தந்தையை எண்ணி வைத்த பெயரன்று என்றும், 2023-இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயர் என்றும், தலைப்பிள்ளை ஆணாயின் இதுவே பெயர் என்று அப்படத்தைப் பார்த்த அன்றே முடிவு செய்து விட்டதாகவும் மறைக்காமல் கூறினார். சுற்றி நின்றோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம்.

சிரியாதவர் ஒருவர் இருந்தார். அவர் குழந்தையின் பாட்டனார். குழந்தையின் தலையில் தண்ணீர் வார்த்த வேளையிலும் அவர் விலகித் தூணருகே நின்றார். பின்னர் வினவியபோது காரணம் விளங்கிற்று. அக்குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தலைமகனுக்குப் பாட்டன் பெயரை இடுவது வழக்கம். அவருக்கும் தம் பாட்டனின் பெயரே. இனி அது தொடராது. "பேரனுக்கு வைக்கக் கூடாத பேரா சாமி அது?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன. அவருடைய பெயர் சிங்கராயர்.

அறிந்த வாசகர் இந்நேரம் புன்னகைத்திருப்பர். அறியாதோர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். அம்முதியவரின் கேள்விக்கு அன்று நாம் உடனே விடை சொல்ல இயலவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

மேலைநாடுகள் சிலவற்றில் குழந்தைப் பெயர்களின் தரவரிசையை ஆண்டுதோறும் அரசே வெளியிடுகிறது. அமெரிக்காவில் 1880 முதலான பெயர்களின் கணக்குத் தொகுக்கப்பட்டுள்ளது. கத்தோலிக்கக் கண்ணோடு அதனைப் புரட்டுவோர்க்கு முதலில் தென்படுவது மேரி என்னும் பெயரின் வரலாறு. 1880 தொடங்கி 1946 வரை பெண் குழந்தைப் பெயர்களில் ஓராண்டும் தவறாமல் முதலிடம் அதற்கே. 1947-இல் லிண்டா அதனைக் கீழிறக்கியது. அவ்வாண்டில் அப்பெயரைக் கொண்ட ஒரு காதற்பாட்டு அந்நாடெங்கும் ஒலித்தது. 1953-இல் மேரி தன் இடத்தை மீட்டு 1961 வரை காத்தது. பின்னர் லிசா வந்தது. 1970 முதல் 1984 வரை ஜெனிபர் ஆண்டது. இன்று முதல் நூறு பெயர்களுக்குள்ளும் மேரி இல்லை. 1962-இல் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தையும் இவ்வீழ்ச்சியையும் முடிச்சிட்டுப் பேசும் அன்பர்கள் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்நாட்டு மேரிகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கரே அல்லர்.

இப்பட்டியல்களை ஆராய்ந்த ஸ்டான்லி லீபர்சன் என்னும் சமூகவியலறிஞர் 2000-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். திரைநட்சத்திரங்களும் அரசியல் நிகழ்ச்சிகளுமே பெயர்களை ஏற்றி இறக்குகின்றன என்னும் பொதுக்கருத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. நாகரிகம் பெரிதும் தன்னைத் தானே தின்று வளர்வது என்பது அவர் கண்ட முடிபு. எங்கும் ஒலிக்கும் பெயர் சலித்துப் போகிறது. பெற்றோர் அதனினும் சிறிதே வேறுபட்ட ஓர் ஒலியை நாடுகின்றனர். பலரும் ஒரே வேளையில் அதையே நாடுவதால் அதுவும் விரைவில் சலித்து விடுகிறது. தம் பிள்ளைக்குத் தனித்த பெயரைத் தேடிய அமெரிக்கப் பெற்றோர் எய்டன், ஜெய்டன், பிரெய்டன் என்று ஒரே எதுகையில் போய் நின்ற கதை இதற்குச் சான்று. அக்கதையைப் படித்து நகைப்போர் நம் மறைக்கல்வி வகுப்பின் வருகைப் பதிவேட்டையும் ஒருமுறை படித்தல் நலம்.

நம் நாட்டில் அரசின் ஆண்டுப் பட்டியல் என ஒன்று இல்லை. ஆயினும் ஒவ்வொரு பங்கிலும் அதனினும் மேலான ஓர் ஏடு உண்டு. திருமுழுக்குப் பெறுவோரின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், பிறந்த நாள், இடம் அனைத்தையும் காலந்தாழ்த்தாது பதிய வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 877-ஆம் எண் பணிக்கிறது. நமது பங்கின் ஏடுகள் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டவை. மழைக்கால மாலைகளில் அவற்றைப் புரட்டுவது நமக்கு ஒரு பொழுதுபோக்கு என்றே சொல்லலாம். எண்ணிக் கணக்கெடுக்கும் திறமை நமக்கில்லை. ஓர் இலக்கியத்தைப் படிப்பது போலவே படித்தோம்.

பழைய ஏடுகளில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஓர் ஆளோ, ஓர் ஊரோ, ஒரு கோட்பாடோ நிற்கிறது. ஆரோக்கியசாமி என்றால் வேளாங்கண்ணி. அடைக்கலம் என்றால் ஏலாக்குறிச்சி. பனிமயம் என்றால் தூத்துக்குடி. அந்தப் பெற்றோர் ஆகஸ்டு 5-ஆம் நாள் தேரிழுத்தவர்களாகவோ, தேருக்கு வர நேர்ந்துகொண்டவர்களாகவோ இருந்திருப்பர். 1854-இல் அமல உற்பவம் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. இறையியல் நூலைக் கண்ணாலும் காணாத எளிய குடும்பங்களில் அமலோற்பவங்கள் பிறந்தன. 1858-இல் லூர்து நகரில் அன்னை காட்சியளித்தார். ஒரு பிரெஞ்சுச் சிற்றூரின் பெயரைக் களைபறிக்கும் பெண்கள் தம் பெயராகச் சுமந்தனர். இருதயராஜ், செபமாலை, வியாகுலமேரி, சகாயம் என்பன ஒவ்வொன்றும் ஒரு பக்திமுயற்சியின் தடம். ஏடு முழுவதும் ஒரு மன்றாட்டுமாலை போலவே நமக்குத் தோன்றியது.

அதனினும் வியப்பளிப்பவை மொழிபெயர்க்கப்பட்ட பெயர்கள். முத்துக்குளித்துறையில் 1530-களில் திருமுழுக்குப் பெற்றோர் போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றனர். பர்னாந்து, கோமஸ் என அவை இன்றும் கடலோரத்தில் வழங்குகின்றன. தாம் திருமுழுக்கு அளித்தோர்க்கு அவரவர் புதுப்பெயரை எழுதியே கொடுத்ததாகப் புனித சவேரியார் தம் மடலொன்றில் குறிப்பிடுகிறார். உள்நாட்டில் மதுரைப் பணித்தளத்தார் வேறொரு வழி கண்டனர். பெயரின் பொருளைத் தேர்ந்து அதனை நம் மொழிக்குள் கொண்டு வந்தனர். யோவானுக்கு 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது எபிரேயப் பொருள், ஆகவே அருளப்பர். பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். பெனடிக்ட் ஆசீர்வாதம் ஆனார். லாசர் என்பதற்குக் கடவுளின் உதவி என்று பொருள். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன் அதனால் தேவசகாயம் ஆனார். 2022-இல் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவரோடு அம்மொழிபெயர்ப்பும் பீடமேறியது. கான்ஸ்டன்சியுஸ் பெஸ்கி தம் பெயரையே தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். 'தேம்பாவணி'யில் யோசேப்பை, வளர்ச்சி என்னும் எபிரேயப் பொருள் தோன்ற, வளன் என்றார். உலகின் வேறெந்த மூலையிலும் புனிதர்களுக்கு இத்தகைய இல்வரவேற்பு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அண்மைக்கால ஏடுகளுக்கு வருவோம். இங்கே பெயர்களுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் ஓர் ஓசை. 'ஷ்' என்று முடிய வேண்டும். அல்லது 'யா' என்று நீள வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தும் தாய் பெயரின் கடையெழுத்தும் எவ்வாறேனும் இணைய வேண்டும். பொருள் என்ன என்று கேட்டால், கைப்பேசியில் பார்த்ததாகவும் 'கடவுளின் கொடை' என்று அதில் இருந்ததாகவும் சொல்கின்றனர். எம்மொழியிலும் இல்லாத பெயர்கள் அத்தனைக்கும் கடவுளின் கொடை என்றே பொருளிருப்பது நமக்கு விளங்காத ஒரு மறைபொருள். எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதித் தருமாறு கேட்போரும் வருகின்றனர். அவ்வெழுத்தைச் சேர்த்தால் வாழ்வு செழிக்கும் என நம்புவோர், அதே நாவால் தீய ஆவியை விட்டுவிடுவதாக வாக்களிப்பது எங்ஙனம் என்று கேட்டு அனுப்பி விடுகிறோம்.

ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். பழைய காலத்திலும் ஒரே தெருவில் நான்கு ஆரோக்கியமேரிகள் இருந்தனர். கிணற்றடி ஆரோக்கியமேரி, தையற்கார ஆரோக்கியமேரி என்று ஊர் அவர்களைப் பிரித்தறிந்தது. யாரும் அதனைக் குறையாக எண்ணவில்லை. ஒரே அன்னையின் பெயரைப் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். இன்றைய பெற்றோர் யாருக்கும் இல்லாத பெயரை விரும்புகின்றனர். வகுப்பில் பிள்ளை அமரும் நாளில் அதே பெயர் மேலும் மூவருக்கு இருக்கக் கண்டு ஏமாறுகின்றனர். முன்னது விரும்பி ஏற்ற ஒற்றுமை. பின்னது தப்பியோடியும் வந்து பற்றிய ஒற்றுமை.

இதைச் சொல்லி இளம் பெற்றோரைக் கடிந்து கட்டுரையை முடித்து விடுவது எளிது. மேடைகளில் நாமே பலமுறை அப்படி முடித்திருக்கிறோம். ஆனால் திருச்சபையின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. தூய பவுலின் திருமுகங்களில் பெயர் குறிப்பிடப்படுவோரை நோக்குங்கள். பெபேயாள் என்பது ஒரு கிரேக்கத் தேவதையின் பெயர். எர்மேயும் எப்பப்பிராதித்தும் அத்தெய்வங்களின் பெயர்களையே தாங்கியவர்கள். அவற்றை மாற்றுமாறு திருத்தூதர் எவரையும் பணித்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் நூற்றாண்டில்தான் அலெக்சாந்திரியாவின் ஆயர், விசுவாசிகளின் பிள்ளைகளிடையே பேதுரு, பவுல் என்னும் பெயர்கள் மிகுதியாக வழங்குவதைக் குறிப்பிடுகிறார். அந்த ஆயரின் பெயரோ தியொனீசியு. மதுத் தெய்வமான தியொனீசின் பெயரிலிருந்து வந்தது! 1917-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு கிறிஸ்தவப் பெயரை வற்புறுத்தியது. இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டின் சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடப்படாதவாறு பார்த்துக்கொள்க என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. புதுப்பெயரே குற்றம் என்றால் செக்கரியா எழுதுபலகை கேட்டிருக்க மாட்டார். உறவினருள் எவருக்கும் இல்லாத பெயர் என்று அக்கம்பக்கத்தார் முறையிட்ட பின்னும் அவர் எழுதியது யோவான் என்றுதான்.

இங்கே நம் குற்றமொன்றைச் சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில் நாம் ஒரு பங்கில் துணைத்தந்தையாக இருந்தபோது, ஒரு பெண் குழந்தையைக் கொண்டு வந்தனர். சங்கப் பாடல்களில் மணக்கும் ஒரு மலரின் பெயரைத் தந்தை சொன்னார். அவர் தமிழாசிரியர். இது கிறிஸ்தவப் பெயரன்று என மறுத்து, நாள்காட்டியில் அன்றைய புனிதை எவரோ, அவர் பெயரை ஏட்டில் எழுதினோம். தந்தை வாதாடவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின், அப்பெண் திருமணத்துக்கெனத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு அப்பங்குக்குச் சென்றிருக்கிறார். பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் ஒரு பெயர். ஏட்டில் வேறொரு பெயர். நம் கையெழுத்தைக் கண்டு நம்மைத் தேடி வந்தார். "நீங்க எழுதின அந்தப் புனிதை யாருன்னே எனக்குத் தெரியாது ஃபாதர். எங்க வீட்டுல யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுவே நம்மை மேலும் வருத்தியது. மறைமாவட்ட அலுவலகத்தின் இசைவு பெற்று ஓரக்குறிப்பு எழுதித் திருத்த வேண்டியதாயிற்று. பழைய 1917-ஆம் ஆண்டுச் சட்டம் கூட, பெற்றோர் இணங்காவிடின் அவர்கள் இட்ட பெயரோடு புனிதர் பெயரைச் சேர்த்து இரண்டையும் ஏட்டில் எழுதுமாறே சொன்னது. நாம் அச்சட்டத்தினும் கடுமையாக நடந்திருந்தோம். நாம் இட்ட பெயருக்கும் அக்குழந்தைக்கும் இடையே எவரும் இல்லை. ஒரு நாள்காட்டித் தாளே இருந்தது. கைப்பேசியைப் பார்த்துப் பெயரிடும் பெற்றோருக்கும் நமக்கும் அன்று என்ன வேறுபாடு?

இவ்வாறு எண்ணத் தொடங்கிய பின்னரே, நாம் வேறொன்றையும் கவனித்தோம். இதனைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் உண்டு. நல்லதொரு முயற்சியின் மீது குறை சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி உழைத்ததன் பயனாக, விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. பிரிந்திருந்தோர் ஒரே நூலை வாசிக்கலாயினர். அதற்காக இறைவனுக்கு நன்றி கூற வேண்டும். ஒரே நூலாயின் பெயர்களும் ஒன்றாக வேண்டுமன்றோ? அருளப்பர் யோவான் ஆனார். இராயப்பர் பேதுரு ஆனார். சின்னப்பர் பவுல் ஆனார். திருத்தந்தையரின் பெயர்களும் அவ்வாறே மாறின. 1986-இல் சென்னைக்கு வந்தவரை அக்கால இதழ்களில் இரண்டாம் அருள் சின்னப்பர் என்று படித்தோம். இன்று அவரையே இரண்டாம் யோவான் பவுல் என்கிறோம்.

விளைவு என்ன? கோயிலின் நடுப்பத்தியில் சின்னப்பன் என்னும் முதியவர் அமர்ந்திருக்கிறார். பவுலடியார் எழுதிய திருமுகத்திலிருந்து வாசகம் படிக்கப்படுகிறது. அது தம் புனிதர் எழுதியது என அவருக்குத் தெரியும். அருகிலிருக்கும் பேரனுக்குத் தெரியாது. அவனுக்குப் பாட்டனின் பெயர் ஒரு பழங்காலத்துப் பட்டிக்காட்டுப் பெயர். பவுல் என்பது விவிலியத்துப் பெயர். தன் பிள்ளைக்கு அவன் பால் என்று பெயரிடக்கூடும். சின்னப்பன் என்று மட்டும் ஒருநாளும் இடமாட்டான். பெயருக்குப் பின்னால் ஆள் நிற்க வேண்டும் என்று பிறரைக் குறைகூறும் நாமே, நின்றிருந்த ஆட்களை முப்பதாண்டுகளாக ஓசையின்றி அப்புறப்படுத்தி வருகிறோம். மொழிபெயர்ப்பை மாற்றச் சொல்லவில்லை. திருமுழுக்கு ஆயத்த வகுப்பில், விழாநாள் மறையுரையில், 'இவரையே உங்கள் பாட்டன்மார் இப்பெயரால் அழைத்தனர்' என்று ஒரு வாக்கியம் சொல்ல நமக்கு என்ன தடை இருந்தது? நாம் சொல்லவில்லை. ஐப்பசி மாதத்து அந்த ஞாயிறன்றும், பதினான்காம் லியோவைப் பற்றி நான்கு சொற்கள் பேசிய நாம் ஐந்தாவதாக ஒரு சொல்லைச் சொல்ல மறந்தோம்.

லியோ என்பது இலத்தீனில் சிங்கம். அதனைத் தமிழாக்கிய பெரியோர் சிங்கராயர் என்றனர். 'தொழிலாளர் நிலை' குறித்து 1891-இல் சுற்றுமடல் எழுதியவரை, பதினான்காம் லியோ தம் பெயருக்குக் காரணமாகச் சுட்டிய அதே திருத்தந்தையை, நம் பாட்டன்மார் பதின்மூன்றாம் சிங்கராயர் என்றே அறிந்திருந்தனர்.

அன்று மாலையே அம்முதியவரை அலுவலக அறைக்கு அழைத்து வரச் செய்தோம். அலமாரியிலிருந்து 1950-களின் ஏட்டை எடுத்தோம். அக்கால வழக்கப்படி பதிவுகள் இலத்தீனில் இருந்தன. அவருடைய தந்தை, தாய் பெயர்களைக் கொண்டு தேடியபோது கிடைத்து விட்டது. மை பழுத்திருந்தாலும் எழுத்துத் தெளிவாகவே இருந்தது. அவர் பெயருக்குரிய கட்டத்தில் மூன்றே எழுத்துகள். விரல் வைத்து 'லெயோ' என்று படித்துக் காட்டினோம்.

அவர் நெடுநேரம் அக்கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுல யாருக்கும் தெரியாதே சாமி" என்றார். பின்பு, "எங்க பாட்டனுக்கும் இப்படித்தான் எழுதியிருக்குமா?" என்று கேட்டார். அவர் சொன்ன கணக்குப்படி அந்தப் பாட்டன் பிறந்தது 1890-களில்; பதின்மூன்றாம் சிங்கராயர் 1878 முதல் 1903 வரை திருத்தந்தையாக இருந்தார். அப்பெயர் அக்குடும்பத்துக்குள் நுழைந்த வழி அதுவாகவே இருக்கலாம். உறுதி செய்ய எண்ணி அக்காலத்து ஏட்டையும் இறக்கினோம். நாம் தேடிய பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது.

ஏட்டை மூடிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. மருமகள் அதைத் தோளில் சாத்தி ஆட்டிக்கொண்டிருந்தார். முதியவர் எழுந்து, நம்மிடம் விடைபெறவும் மறந்தவராய், "சிங்கராயா, ஏண்டா அழுவுற?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போனார்.